வாவிக் கரையில் லொறித் தொழில்: அனுமதிப்பத்திரம் முதல் சுமை இறக்கும் வரை

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் கிழக்கே கடலை ஒட்டிய எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் குளமுமான படுவான்கரை. நெல்லும் மணலும் பாலும் பெரும்பாலும் படுவான்கரையிலிருந்து புறப்படுகின்றன. கடைத்தெருக்களும் பிரதான வீதியும் எழுவான்கரையில் உள்ளன. இந்த இரண்டு கரைகளுக்கு நடுவிலும், அங்கிருந்து திருகோணமலை, தம்புள்ளை, கொழும்பு வரைக்கும் சரக்கை நகர்த்துவதே இப்பகுதி லொறித் தொழில். எந்தப் பாலத்தால் போவது, எந்த மாதத்தில் போவது, எவ்வளவு ஏற்றுவது என்ற மூன்றையும் சரியாகக் கணிக்கும் சாரதிக்கே இங்கு வேலை நிலைக்கும்.

1. எந்த வேலையில் தொடங்குவது

தொழிலுக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு.

- கிளீனர்: அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கும் கிடைக்கும் வேலை. கயிறு கட்டுதல், தறப்பாள் போர்த்தல், பின்னோக்கி எடுக்கும்போது வழி காட்டுதல், டயர் மாற்றுதல் ஆகியவற்றை இங்குதான் பழகலாம்.
- சுமை ஏற்றி இறக்குபவர்: அரிசி ஆலை, நெல் களஞ்சியம், சீமெந்துக் கடை போன்ற இடங்களில் மூடைக் கணக்கில் கூலி. அறுவடைக் காலத்தில் வேலை குவியும். மற்றைய மாதங்களில் குறையும்.
- சம்பளச் சாரதி: கண்டர், எல்ப், டிப்பர், கூலர் லொறி, பௌசர் எனப் பிறருடைய வாகனத்தை ஓட்டுபவர்.
- சொந்த வாகனக்காரர்: பெரும்பாலோர் பட்டா ரக வாகனத்தில் தொடங்கி, வாடிக்கையாளர் சேர்ந்தபின் கண்டருக்கு மாறுகின்றனர்.

கிளீனராகச் சில மாதமாவது இருந்தபின் ஸ்டியரிங்கில் அமர்வது நல்லது. சுமை கட்டத் தெரியாத சாரதி பிறர் கட்டிய கட்டை நம்பியே ஓட வேண்டியிருக்கும்.

2. சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் ஒழுங்கு

அனுமதிப்பத்திரம் வழங்குவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். சரக்கு வாகனங்களுக்கான வகுப்புகள் மொத்த நிறையை, அதாவது வாகனமும் சுமையும் சேர்ந்த நிறையைக் கொண்டு பிரிக்கப்படுகின்றன.

- பி: 3,500 கிலோ வரை. பட்டா போன்ற சிறு வாகனங்கள் இதில் அடங்கும்.
- சி1: 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான இலகு லொறிகள்.
- சி: 17,000 கிலோவுக்கு மேற்பட்ட லொறிகள்.
- சிஈ: இழுவைப் பெட்டி பூட்டிய கனரக லொறிகள், கொள்கலன் இழுக்கும் பிறைமூவர் இவ்வகை.

படிகள்:

1. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் பெறுதல். கண்பார்வையும் செவிப்புலனும் அங்கு சோதிக்கப்படும். கண்ணாடி அணிபவர் அதனுடனேயே போக வேண்டும்.
2. தேசிய அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றுடன் திணைக்கள அலுவலகத்தில் விண்ணப்பித்தல். ஏற்கெனவே அனுமதிப்பத்திரம் உள்ளவர் புதிய வகுப்பைச் சேர்க்க விண்ணப்பிக்கும்போது அதன் மூலப் பிரதியும் வேண்டும்.
3. எழுத்துப் பரீட்சை. இதைத் தமிழிலேயே எழுதலாம். வீதிச் சமிக்ஞைகளைப் படம் பார்த்துப் பெயர் சொல்லும் அளவுக்குப் படித்திருந்தால் போதும்.
4. பழகுநர் அனுமதிப்பத்திரம் பெற்று, உரிய வகுப்பு வாகனத்தில் பயிற்சி எடுத்தல்.
5. செய்முறைப் பரீட்சை. பின்னோக்கி எடுத்து நிறுத்துவதிலும், ஏற்றத்தில் நிறுத்தி வண்டி பின்வாங்காமல் மீண்டும் நகர்த்துவதிலும் பலர் தவறுகின்றனர். மட்டக்களப்பு சமதரை என்பதால் ஏற்றப் பயிற்சிக்குப் பாலங்களின் அணுகு வீதிகளைத் தேட வேண்டியிருக்கும். போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், பயிற்றுநருடன் மட்டுமே அங்கு பழக வேண்டும்.

கனரக வகுப்புகளுக்கு வயதும் முன் அனுபவமும் கூடுதலாகப் பார்க்கப்படும். எனவே முதலில் இலகு வாகனம், பிறகு சி1, அதன்பின் சி என்ற வரிசையே இயல்பானது.

கவனம்: பி வகுப்பை வைத்துக்கொண்டு கண்டர் ஓட்டி விபத்து நேர்ந்தால் அபராதத்துடன் முடியாது, காப்புறுதி இழப்பீடும் கைவிட்டுப் போகலாம். முதலாளி அவசரப்படுத்தினாலும் இணங்கக் கூடாது.

3. வண்டியில் இருக்க வேண்டிய பத்திரங்கள்

1. நடப்பு வருட வருமான அனுமதிப்பத்திரம்.
2. காப்புறுதிச் சான்றிதழ். வாடகைக்கு ஓடும் வண்டியாயின் காப்புறுதியும் வாடகைப் பாவனைக்கே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.
3. லொறிக்கான தகுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும். இவை இரண்டும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது கேட்கப்படும்.
4. பதிவுச் சான்றிதழின் பிரதி.
5. சுமைக்குரிய பற்றுச்சீட்டு: அனுப்புபவர், பெறுபவர், பொருள், அளவு.

சில பொருள்களுக்குத் தனி அனுமதி வேண்டும். மணல், கிரவல், கருங்கல் ஏற்றப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் தேவை. மரம், மாடு ஆகியவற்றையும் உரிய அனுமதியின்றி ஏற்றக் கூடாது. “அனுமதி முன்னால் போகிற வண்டியில் இருக்கு” என்ற பேச்சை நம்பி மணல் ஏற்றும் சாரதியே சோதனைச் சாவடியில் அகப்படுவார். வண்டியும் பொலிஸ் நிலையத்தில் நிற்கும். அனுமதியில் உள்ள வாகன இலக்கம், திகதி, ஏற்றும் இடம், இறக்கும் இடம் நான்கையும் புறப்படும் முன் தாமே வாசித்துப் பார்க்க வேண்டும்.

4. சம்பளம் பேசும்போது

சாரதிக்கு மாதச் சம்பளம், நாள் சம்பளம், ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்ற ஹயர் கணக்கு என மூன்று விதமாகப் பணம் கொடுக்கப்படுகிறது. எதுவாயினும் வேலை தொடங்கும் முன் பின்வருவன தெளிவாக வேண்டும்.

- இரவு தங்கினால் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் யார் பொறுப்பு?
- ஆலை வாசலில் சுமைக்காகக் காத்துநிற்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா?
- மூடை குறைந்தால், நனைந்தால் யார் பொறுப்பு?
- அபராதம் வந்தால் யார் கட்டுவது? வேகத்துக்குச் சாரதி, மிகைச் சுமைக்கு முதலாளி என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வது தகராறைத் தவிர்க்கும்.
- ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுமா? இதில் ஊழியர் பங்கு 8 வீதம், தொழில்தருநர் பங்கு 12 வீதம். இதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்த வேண்டும்.

நியமனக் கடிதம் கேட்பது மரியாதைக் குறைவாகாது. கடிதம் தராத இடத்தில், வேலைக்குச் சேர்ந்த திகதியையும் வாங்கிய பணத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, மாதம் ஒருமுறை கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். பிணக்கு வந்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் காட்ட அதுவே சான்று.

5. புறப்படும் முன் பத்து நிமிடம்

வண்டியை ஒரே திசையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் எதையும் தவறவிடாது.

1. முன்புறம்: என்ஜின் ஒயில், றேடியேற்றர் தண்ணீர், பிரேக் ஒயில், பெல்ட். என்ஜின் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கக் கூடாது.
2. இடப்புறம்: டயர் காற்று, வெட்டுக் காயம், நட்டுகள். நட்டைச் சுற்றித் துருக்கோடு வடிந்திருந்தால் அது தளர்ந்திருக்கலாம்.
3. பின்புறம்: இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியுள்ளதா, பிரேக் விளக்கு எரிகிறதா, பின்கதவுக் கொக்கி பூட்டியதா.
4. வலப்புறம்: டீசல் தாங்கி மூடி, பற்றரி இணைப்பு, மேலதிக டயர்.
5. உள்ளே: பிரேக், ஹோர்ன், துடைப்பான், கண்ணாடிகள். ஆற்றுமணல் தெறிக்கும் வீதிகளில் கண்ணாடி ஒருநாளிலேயே மங்கிவிடும்.
6. கருவிகள்: ஜக், சக்கரக் கட்டை, எச்சரிக்கை முக்கோணம், டோர்ச், கயிறு, தறப்பாள்.

கடற்காற்றின் உப்பு அடிப்பகுதியைத் தின்னும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் சேஸியைக் கழுவ வேண்டும். மீன் ஏற்றும் வண்டியாயின் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னரும் கழுவ வேண்டும்.

6. சுமை ஏற்றுதல்

நிறைக் கணக்கு

ஏற்றக்கூடிய நிறை = அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை – வெற்று வண்டியின் நிறை – ஆட்களும் கருவிகளும். உதாரணமாக, மொத்த நிறை 6,500 கிலோ, வெற்று நிறை 2,900 கிலோ, ஆட்களும் சாமான்களும் 200 கிலோ என்றால் மிச்சம் 3,400 கிலோ. ஒரு நெல் மூடை 60 கிலோ எனக் கொண்டால் 56 மூடையே அளவு. “இன்னும் பத்து மூடை கொள்ளும்” என்று கேட்பவர் பெட்டியில் உள்ள இடத்தைச் சொல்கிறார். பிரேக்கும் டயரும் நிறையை மட்டுமே அறியும்.

நெல்

பெரும்போக அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை, சிறுபோக அறுவடை ஜூலை, ஓகஸ்ட் மாதங்களை ஒட்டி வரும். வயலிலிருந்து வீதிவரை உழவு இயந்திரத்தில் வரும் மூடைகள் அங்கு லொறிக்கு மாறும்.

1. ஈரம் பார்த்தல். நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்கும் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாதது. ஈர நெல்லை மூடித் தறப்பாள் போர்த்தி நீண்ட நேரம் வைத்தால் உள்ளே சூடேறி நிறம் மாறும். ஆலையில் திருப்பி அனுப்புவார்கள்.
2. முதல் வரிசையை நீளவாட்டிலும் அடுத்ததைக் குறுக்குவாட்டிலும், செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி அடுக்குதல். தைத்த வாய் உட்புறம் இருக்க வேண்டும். தையல் அவிழ்ந்தாலும் நெல் வீதியில் சிந்தாது.
3. பாரத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே பரப்புதல். பின்பக்கம் குவித்தால் ஸ்டியரிங் இலேசாகி வண்டி அலையும்.
4. பக்கப் பலகைக்கு மேல் ஏறும் வரிசைகளை உட்புறமாகச் சற்று ஒடுக்கி அடுக்குதல்.
5. நடுவிலிருந்து தொடங்கி முன்னும் பின்னும் கயிறு போடுதல். ஒருவர் மூடைமேல் நின்று மிதிக்க, மற்றவர் கீழிருந்து இழுத்து முடிச்சிட வேண்டும்.
6. 10 முதல் 15 கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி மீண்டும் இறுக்குதல். குலுக்கலில் நெல் அமரும்; காலையில் விறைப்பாக இருந்த கயிறு அப்போது விரல் நுழையும் அளவுக்குத் தொய்ந்திருக்கும். இந்தப் படியைத் தவறவிடுவதால்தான் வளைவுகளில் மூடை சரிகிறது.

சீமெந்து

50 கிலோப் பை. 100 பை 5 தொன். அடியில் பலகையும் பொலித்தீனும் விரித்து, வானம் வெளுத்திருந்தாலும் தறப்பாள் போர்த்த வேண்டும். வியர்த்த தோலில் சீமெந்துத் தூள் ஒட்டினால் புண்ணாகும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் அணிந்து, இறக்கியதும் கழுவிவிட வேண்டும்.

மணல்

மணல் கியூப் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கியூப் 100 கன அடி, சுமார் 2.8 கன மீற்றர். உலர்ந்த மணல் கியூப் ஒன்றுக்கு நாலரைத் தொன் அளவில் இருக்கும். ஆற்றிலிருந்து அள்ளிய ஈரமணல் 5 தொன்னைத் தாண்டும். அதே கியூப், அதே வண்டி. நிறை மட்டும் கூடிவிடும். நீர் வடிய விட்டு, பலகை மட்டத்துக்குக் கீழே நிரவி, மூடிக்கொண்டு புறப்பட வேண்டும்.

டிப்பர் கொட்டும்போது: தரை சமமாக இருக்க வேண்டும், மேலே மின்கம்பி இருக்கக் கூடாது, பின்னால் எவரும் நிற்கக் கூடாது, பெட்டி முழுதாகக் கீழிறங்கும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. உயர்த்திய பெட்டியின் அடியில், முட்டுக் கொடுக்காமல், எதைத் திருத்தவும் தலையை நுழைக்கக் கூடாது.

மீன்

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும் கூலர் லொறிகள் மாலையில் ஏற்றி இரவோடிரவாக ஓடுகின்றன. அடியில் ஐஸ், மேலே மீன், மீண்டும் ஐஸ் என மாற்றி அடுக்கி, கதவு திறக்கும் தடவைகளைக் குறைக்க வேண்டும். விலை விடியற்காலையில் தீர்மானமாவதால் வேகம் கூட்டும் ஆசை வரும். ஒரு மணிநேரம் முந்திப் புறப்படுவதே அதற்கு மருந்து.

7. வழித்தடங்கள்

வாவியைக் கடத்தல். கல்லடியில் 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலம் கனரகப் போக்குவரத்தைத் தாங்குகிறது. அருகிலுள்ள பழைய இரும்புப் பாலம் லொறிக்குரியதல்ல. 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கும், களுவாஞ்சிகுடியை அடுத்த பட்டிருப்புப் பாலம் போரதீவு, வெல்லாவெளிப் பக்கத்துக்கும் வழி. குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர் ஆகிய துறைகளில் ஓடும் படகுப் பாதைகள் ஆட்களுக்கும் சிறு வாகனங்களுக்கும் உதவுவன. சுமை லொறி பாலத்தைச் சுற்றிப் போவதே முறை. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கடைத்தெருக்கள் குறுகியவை. பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களைத் தவிர்த்து அதிகாலையில் இறக்கி முடிப்பது எளிது.

ஏ4, தெற்கு. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என ஊர்கள் இடைவெளியின்றித் தொடரும் வீதி. ஊர்ப்பகுதி வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். சைக்கிளும் முச்சக்கரவண்டியும் ஒழுங்கையிலிருந்து திடீரென வெளிவரும். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் அடியார்கள் வீதியோரமாகக் கூட்டமாக நடப்பர். விடியற்காலை இருளில் விசேட கவனம் தேவை.

ஏ15, வடக்கு. செங்கலடி, ஓட்டமாவடி, வாகரை வழியாகத் திருகோணமலைக்கு. முன்பு படகுப் பாதைக்காகக் காத்துநின்ற இடங்களில் இப்போது பாலங்கள் உள்ளன. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. திருகோணமலையின் சீமெந்துத் தொழிற்சாலையும் மாவு ஆலையும் திரும்புகாலுக்குச் சுமை தரும் இடங்கள். வெறிச்சோடிய நேர்வீதி என்பதால் தூக்கம் வரும். மாடுகள் சூடான தாரில் இரவில் படுத்திருக்கும்.

ஏ11, மேற்கு. ஓட்டமாவடிக்கு அப்பால் ஏ15 இலிருந்து பிரிந்து வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை வழியாகச் செல்லும். தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் பெரும்பாலான சுமை இவ்வழியே. 2023 ஜூலை 9 ஆம் திகதி இரவு பஸ் ஒன்று மன்னம்பிட்டியின் கொட்டலிய பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். ஒடுங்கிய பாலங்களை நெருங்கும்போது முன்கூட்டியே கியர் குறைத்து, எதிரே வண்டி வந்தால் வழிவிட்டு நிற்க வேண்டும்.

ஏ5, தென்மேற்கு. செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா வழியாகப் பதுளைக்கு. மலை தொடங்கியபின் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் ஒருபோதும் இறங்கக் கூடாது.

யானை. ஏ11, ஏ5 இரண்டிலும் மாலைக்குப் பின் யானை வீதிக்கு வரும். கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்திக் காத்திருக்க வேண்டும். இறங்கிப் படம் எடுப்பதும் உணவு போடுவதும் உயிராபத்து.

வீதியில் காயும் நெல். அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் பரப்பியிருக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். வேகம் தணித்து, எதிர்த்திசை வெறுமையானபின் விலகிப் போக வேண்டும். 

இடைவெளி. மணிக்கு 60 கிலோமீற்றரில் வண்டி விநாடிக்கு 16 மீற்றருக்கு மேல் நகர்கிறது. முன் வண்டியிலிருந்து குறைந்தது 4 விநாடி இடைவெளி, மழையில் அதன் இருமடங்கு தேவை.

8. மாரி காலம்

வடகீழ்ப் பருவமழை நவம்பர் முதல் பெப்ரவரி வரை இப்பகுதியை நனைக்கும். படுவான்கரைத் தாழ்வீதிகளே முதலில் முழுகும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மாவட்டத்தின் பெரும்பகுதி நீரில் நின்றது.

1. புறப்படும் முன் போகுமிடத்தில் உள்ளவரைத் தொலைபேசியில் கேட்டுப் பாதை நிலையை அறிதல். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.
2. ஓடும் நீரைக் கண்டால் நிறுத்துதல். 30 சென்ரிமீற்றர் ஆழ ஓட்டநீரே சிறு வாகனத்தை நகர்த்தும்; 60 சென்ரிமீற்றர் ஓட்டநீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும்.
3. தேங்கிய நீராயின், ஆழமும் வீதி விளிம்பும் தெரிந்தால் மட்டும், முதல் கியரில் நிற்காமல் மெதுவாகக் கடத்தல். நடுவில் கியர் மாற்றக் கூடாது.
4. கடந்ததும் பிரேக்கை மெல்லப் பலதடவை மிதித்து உலர்த்துதல்.
5. என்ஜின் நீரில் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்தல். உள்ளே நீர் புகுந்திருந்தால் ஸ்டார்ட் செய்யும் முயற்சியே என்ஜினை உடைக்கும்.

9. சொந்த வண்டிக்காரரின் கணக்கு

வாடகை பேசும்போது போகும் தூரத்தை மட்டும் எண்ணுவது பொதுவான தவறு. திருகோணமலைக்குப் போய்வர ஏறத்தாழ 260 கிலோமீற்றர். லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 43 லீற்றருக்கு மேல் டீசல் வேண்டும். அதனுடன் கிளீனர் சம்பளம், ஏற்றிறக்கக் கூலி, சாப்பாடு, ஒயிலுக்கும் டயருக்கும் ஒதுக்கீடு, லீசிங் தவணையின் ஒருநாள் பங்கு, காப்புறுதியின் ஒருநாள் பங்கு ஆகியவற்றைக் கூட்டினால்தான் அடக்கச் செலவு வரும். சொந்த உழைப்புக்கும் ஒரு சம்பளம் வைக்க வேண்டும்.

வெறுமையாகத் திரும்பும் வண்டியில் இலாபம் கரையும். நெல் கொண்டுபோய் மரக்கறியுடன், அரிசி கொண்டுபோய்ப் புறக்கோட்டைக் கடைச் சாமான்களுடன் திரும்பும்படி முன்னரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மீன் ஏற்றிய பெட்டியில் மாவோ சீனியோ ஏற்றக் கூடாது. நாற்றம் பிடித்த மூடையின் விலையை வண்டிக்காரரே கட்ட நேரும்.

அறுவடை மாதங்களின் வருமானத்தில் ஒரு பகுதியை மாரி மாதத் தவணைக்கு எடுத்துவைத்தால் லீசிங் நிலுவை சேராது.

10. பழுதும் விபத்தும்

1. வண்டியை இயன்றவரை ஓரமாக்கி, நான்கு பக்க விளக்கும் போடுதல்.
2. எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் 50 மீற்றராவது தள்ளி வைத்தல். மரக்கிளை மட்டும் போட்டால் இரவில் தெரியாது.
3. சக்கரத்துக்குக் கட்டை வைத்தபின்னரே ஜக் ஏற்றுதல்.
4. காயம்பட்டவர் இருந்தால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ், பொலிஸுக்கு 119. தீப்பற்றும் அபாயம் இல்லாவிட்டால் காயம்பட்டவரை அவசரமாக இழுத்துத் தூக்கக் கூடாது.
5. வண்டியை நகர்த்துமுன் படமெடுத்தல். காப்புறுதி நிறுவனத்துக்கு அங்கிருந்தே அறிவித்தல்.
6. சுமை சிந்தியிருந்தால் உரிமையாளருக்கு உடனே சொல்லி, மிச்ச மூடைகளைச் சாட்சியுடன் எண்ணி எழுதுதல்.

11. அடிக்கடி நேரும் தவறுகள்

- எண்ணாமல் ஏற்றி, இறக்குமிடத்தில் மூடை குறைகிறது என்று கேட்டு நிற்பது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் இருவர் எண்ணிக் கையொப்பம் வாங்க வேண்டும்.
- சுமைமேல் ஆள் ஏற்றுவது. கூலியாட்கள் களைத்திருந்தாலும் மூடைமேல் பயணம் கூடாது.
- தூக்கத்தை வெற்றிலையாலும் தேநீராலும் சமாளிப்பது. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கால்மணிநேரம் நிறுத்த வேண்டும். கண் சொருகினால் அங்கேயே தூங்க வேண்டும்.
- கண்ணாடியை மட்டும் நம்பிப் பின்னோக்கி எடுப்பது. கிளீனர் கண்ணில் படாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்.
- முதுகை வளைத்து மூடை தூக்குவது. முழங்காலை மடித்து, மூடையை உடலோடு அணைத்து எழ வேண்டும்.
- பயணக் குறிப்பேடு எழுதாதிருப்பது. திகதி, சுமை, தூரம், டீசல், செலவு, வரவு என்ற ஆறு பத்தி போதும். அடுத்த வாடகையை எவ்வளவுக்குப் பேசலாம், எந்த வழித்தடத்தை விடலாம் என்பதை அந்தப் பக்கங்களைப் பார்த்தே முடிவு செய்யலாம்.